அரைப்பேருக்கு ஒரு பொத்தான்

நடந்தது இதுதான்:

1. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிற்கு, தொழிலாளர்களின் வரவைத் தொலைபேசியில் பதியும் இணையச் செயலியைச் செய்துகொடுக்கும் வேலை ஹட்டனில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்திற்கு வந்தது.
2. திரையில் தெரியும் பொத்தான், மெனு, அட்டவணை எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமலிருந்து செய்ய எங்களுக்கு ஆளும் இல்லை, காலமும் இல்லை. யாரோ செய்து வைத்திருக்கும் தொகுப்பு ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கும் என் தோழிக்கும் வந்தது.
3. இரண்டு தொகுப்புகள் கடைசிவரை நின்றன. ஒன்றில் மூன்று நிலைகள் உள்ள பொத்தான் இருந்தது. மற்றதில் இரண்டு நிலைகள் மட்டும்.
4. இரண்டு நிலைகள் உள்ளதை எடுத்தோம்.
5. அந்தத் தோட்டத்தில் முழுப்பேர் உண்டு, அரைப்பேர் உண்டு, பேரில்லாத நாளும் உண்டு. நாங்கள் இருவரும் லயத்தில் பிறந்தவர்கள். எங்களுக்கு அது தெரியும்.
6. என் தோழியின் அம்மா அதே தோட்டத்தில் அரைப்பேருக்கு வேலை செய்துகொண்டிருந்தார். அது எங்களுக்குத் தெரியாது.
7. அவருடைய பெயர் செக்ரோலிலிருந்து போய்விட்டது.

எதையும் இப்படி எழுதிப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும். ஆனாலும் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் நாங்கள் என்ன பேசிக்கொண்டோம் என்பது இந்த வரிசையில் வரவில்லை. நான் திரும்பத் திரும்ப நினைப்பது அதைத்தான்.

இலங்கை மலையகத்திற்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போது நின்று, பின்னேரம் வரை மலையில் இருந்து, சொன்ன அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர். கொழுந்து குறைந்தாலோ, மத்தியானத்தோடு வீட்டுக்குத் திரும்பினாலோ அரைப்பேர். பேர் போடுகிறவர் கங்காணி; அவருக்கு மேலே கண்டாக்கையா, எல்லாருக்கும் மேலே துரை. ஒழுங்காகப் பேர் விழுந்துகொண்டிருந்தால் செக்ரோல் என்ற பதிவில் நிரந்தரத் தொழிலாளியாக இருக்கலாம். வீட்டில் ஒருவராவது அந்தப் பதிவில் இருந்தால்தான் லயம் என்ற வரிசை வீடுகளில் குடியிருக்கக் காம்பரா என்ற அறை கிடைக்கும். பதிவில் இல்லாதவர்களைக் கைக்காசு ஆட்கள் என்பார்கள். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை.

எங்கள் அலுவலகம் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. பணிஸ் வேகும் வாசனையிலேயே காலை வேலை தொடங்கும். நடத்துகிறவர் கொழும்பில் நல்ல வேலையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். நாங்கள் அவரை அண்ணா என்று கூப்பிடுவோம். தோழி எனக்கு எதிர் மேசை. படித்தது ஒரே இடத்தில், வேலைக்குச் சேர்ந்ததும் ஒன்றாக. அவள் வார நாட்களில் ஹட்டனில் போர்டிங்கில் தங்கி, சனிக்கிழமை பின்னேரம் வட்டவளைக்குப் போய்விடுவாள். அவளுடைய அப்பா இறந்துவிட்டார். அங்கே காம்பராவில் அம்மா மட்டும்.

அந்த மாதம் வெள்ளைப் பலகை முழுக்க என் கையெழுத்துத்தான் இருந்தது. தொகுப்பு எவ்வளவு பாரம், பழைய தொலைபேசியில் திறக்குமா, எத்தனை பேர் அதைப் பராமரிக்கிறார்கள், பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளோடு ஒத்துப்போகுமா, தமிழ் எழுத்து வெட்டுப்படாமல் வருமா. ஒரு தொகுப்பில் 'தொழிலாளர்கள்' என்ற சொல் பொத்தானுக்கு வெளியே வழிந்தது. இன்னொன்றில் மேலே சுழியும் எழுத்துகளின் தலை காணாமல் போனது. மற்றொன்று எல்லாவற்றிலும் தேறியது. ஆனால் அதைச் செய்தவர் குறைகளுக்குப் பதில் எழுதுவதையே நிறுத்திவிட்டார் என்று பிறகு கண்டுபிடித்தோம். ஒவ்வொன்றாக அழித்தேன். எனக்கு அது பிடித்த வேலை.

கடைசியில் நின்ற இரண்டுக்கும் தோழி பெயர் வைத்தாள். ஒன்று கல்யாணச் சேலை. இன்னொன்று ஸ்கூல் யூனிபோர்ம்.

சேலை அழகு. தொட்டால் மெதுவாக அசையும். வரவைக் குறிக்க அதில் இருந்தது வழுக்கும் பொத்தான். இடமிருந்து வலம் தள்ளினால் சாம்பல் நிறம் பச்சையாக மாறும். அட்டவணையும் அருமை. எந்தத் தலைப்பைத் தொட்டாலும் அந்த வரிசைப்படி பெயர்கள் மாறி அடுக்கிக்கொள்ளும். யூனிபோர்மில் எல்லாம் கட்டம் கட்டமாக, நீலமும் வெள்ளையுமாக இருந்தது. அதில் மூன்று பெட்டிகள் ஒட்டியபடி ஒரு பொத்தான் இருந்தது. எழுத்தை இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என்று நகர்த்துவதற்கு என உதாரணம் காட்டியிருந்தார்கள். தோழி அதில் 'முழு', 'அரை', 'இல்லை' என்று போட்டுப் பார்த்தாள். அளந்து தைத்ததுபோல் உட்கார்ந்தது.

இரண்டு பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சரியாத்தான் இருக்கு," என்றாள் தோழி. குரலில் சந்தோஷம் இல்லை.

எனக்கு அந்த நடுப்பெட்டியைப் பிடிக்கவில்லை. என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். கொழுந்து குறைந்த நாட்களில் அரைப்பேரோடு வீட்டுக்கு வந்தால் தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்க மாட்டார். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "இன்னைக்கு அர ஆளு வந்திருக்கேன், அர ஆளுக்கு சோறு போடுங்க," என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

"இந்தப் பெட்டி நடுவுல இருந்தா கங்காணி கை தானா அதுலதான்டி போகும்," என்றேன்.

"சேலைல அது இல்லையே," என்றாள் தோழி. "வந்தாங்களா, வரலையா. அவ்வளவுதான் கேக்குது."

"வந்த ஆள வரலைன்னு போட மனசு வருமா? பச்சையத்தான் தள்ளுவாரு."

"அப்ப எல்லாருக்கும் முழுப்பேரு."

அவள் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் கேட்கிறது. பரீட்சையில் யாருக்கும் தெரியாத குறுக்கு வழி ஒன்றைக் கண்டுபிடித்தவள்போல் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் அம்மாமார் யாரும் கேட்க முடியாத ஒன்றை, ஒரு பொத்தானை வைக்காமல் விடுவதன் மூலம் நாங்கள் வாங்கிக் கொடுக்கப் போகிறோம். கொழும்பில் ஒருவரிடம் இந்த வேலை போயிருந்தால் அவருக்கு அரைப்பேர் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. தோட்ட அலுவலகம் கேட்டபடி மூன்று பெட்டி வைத்துவிட்டுப் போயிருப்பார்.

தோட்ட அலுவலகம் அரை நாளையும் கேட்டிருந்தது. அதனால் முழுதாக விட முடியவில்லை. ஆளின் பெயரைத் தொட்டு, உள்ளே போய், குறிப்புகள் என்ற மெனுவைத் திறந்தால் அங்கே மூன்றாவதாக வரும்படி வைத்தோம்.

"அரைப்பேருக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று அண்ணா கேட்டார்.

"மெனுல இருக்கு அண்ணா," என்றேன். அது பொய் இல்லை. பலகையில் இருந்த எல்லா வரிகளிலும் சேலை கொஞ்சமாவது மேலே இருந்ததும் பொய் இல்லை.

தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்குக் காட்டப் போனபோது அவர் அந்தப் பச்சைப் பொத்தானை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "நல்லா வழுக்குதே மேடம்," என்றார். மெனுவைத் திறக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை, நாங்களும் திறந்து காட்டவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கங்காணிமார் புத்தகத்தை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்கள்.

பிறகு மழைக்காலம் வந்தது. வேறு வேலைகள் வந்தன. தோட்டத்திலிருந்து குறை எதுவும் வரவில்லை. செயலி நன்றாக ஓடுகிறது என்றே நினைத்தோம்.

தோழியின் அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் காலங்களில் அவர்கள் வீட்டில்தான் பலகாரம் சாப்பிடுவேன். உரத்த குரல், எதற்கும் ஒரு நையாண்டி. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தோழியோடு அங்கே போயிருந்தேன். மாதா கோயில் பூசை முடிந்து வந்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, வாசல் கல்லில் ஒரு காலை நீட்டியபடி உட்கார்ந்தார். மடக்கவில்லை.

"காலுக்கு என்னம்மா?" என்று தோழி கேட்டாள்.

"அது ஒண்ணுமில்ல. மலையில சறுக்குனது. பழசு."

"எப்ப?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்க செஞ்ச அந்த போன்ல அரப்பேர எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? கங்காணி தேடித் தேடி அலுத்துட்டாரு."

"மெனுவுக்குள்ள இருக்கும்மா," என்றாள் தோழி.

"மெனு ஹோட்டல்ல இல்ல இருக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் தொடர்ந்து சொன்னார். போன வருடமே முழங்கால் கெட்டுவிட்டது. நாள் முழுக்க மலையில் நிற்க முடியவில்லை. கங்காணியிடம் பேசி, மத்தியானம் வரை மட்டும் வேலை செய்து அரைப்பேர் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு செய்துகொண்டார். செக்ரோலில் பெயர் நிற்க அது போதும். மகளிடம் சொன்னால் வேலையை விட்டு ஹட்டனுக்கு வரச் சொல்லுவாள் என்று சொல்லவில்லை.

"இப்ப மத்தியானம் நான் எறங்குறப்போ அந்தாளு போன எடுப்பாரு. கையெல்லாம் ஈரம், மழை வேற. பேரத் தொட்டா வேற ஆளு பேரு தொறக்குது. அப்புறம் காலையில போட்ட பச்சையச் சாம்பலாத் தள்ளி விட்டுட்டு, 'நீ போம்மா, நான் ஸ்டோர்ல போய் சரி பண்றேன்'னு சொல்லுவாரு. பாவம், எத்தன பேருக்குத்தான் ஞாபகம் வச்சிருப்பாரு?"

"முழுசா விட்டுற வேண்டியதுதானே?" என்று கேட்டேன். நாங்கள் போட்ட கணக்கு அதுதானே.

"அரநாள் வீட்டுல இருக்கிறவளுக்கு முழுப்பேரு போட்டா கண்டாக்கையா அவர சும்மா விடுவாரா? மத்த பொம்பளைங்க விடுவாளுங்களா?"

தோழி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தொலைபேசியை எடுத்து, எங்களுக்கு மட்டும் இருக்கும் கடவுச்சொல்லால் உள்ளே போய் அம்மாவின் பெயரைத் திறந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். பெரும்பாலான நாட்கள் சாம்பல் நிறம். அங்கங்கே கங்காணிக்கு நினைவு வந்த நாட்களில் மட்டும் சிறிய எழுத்தில் அரைநாள் என்று இருந்தது.

"அரப்பேருன்னா உங்களுக்கு அவ்வளவு கேவலமா போச்சாடி?" என்றார் அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. "அது நானா கேட்டு வாங்குனது."

திங்கட்கிழமை காலையிலேயே மூன்று பெட்டிகளைச் செய்யத் தொடங்கினோம். எங்கள் தொகுப்பில் அது இல்லாததால் சாதாரணப் பெட்டிகளை ஒட்டி நாங்களே ஒன்றைத் தைத்தோம். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. இத்தனை சுலபமான வேலை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஆனால் அதற்குள் பெரிய கிளாக்கர் அட்டவணையைக் கண்டுபிடித்திருந்தார். பழைய புத்தகத்தில் பெயர்கள் ஒரே வரிசையில்தான் இருக்கும். யாருக்குப் பேர் குறைவு என்று பார்க்க வேண்டுமென்றால் உட்கார்ந்து கூட்ட வேண்டும். யாரும் கூட்டவில்லை. எங்கள் அட்டவணையில் தலைப்பை ஒரு தட்டுத் தட்டினால் பேர் குறைந்தவர்கள் மேலே வந்து நிற்பார்கள். தோழியின் அம்மா முதல் வரியில் நின்றார். அந்தப் பட்டியல் கொழும்புத் தலைமை அலுவலகத்திற்குப் போய், ஒழுங்காக வேலைக்கு வராதவர்கள் இனிமேல் கைக்காசு ஆட்கள் என்று பதில் வந்திருந்தது.

தோழியும் நானும் கங்காணியைக் கூட்டிக்கொண்டு தோட்ட அலுவலகத்திற்குப் போனோம். கங்காணி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார். "அந்தம்மா தெனம் வந்தாங்கய்யா. நான்தான் போன்ல வரலைன்னு தள்ளி விட்டேன்."

பெரிய கிளாக்கர் எங்களைப் பார்த்தார். "நான் என்ன மேடம் செய்ய? சிஸ்டத்துல வரலைன்னு இருக்கு. சிஸ்டம் நீங்க செஞ்சது. இப்ப பொய் சொல்லுதுன்னும் நீங்களே சொல்றீங்க. எத நான் மேல எழுதுறது?"

தோழி, அரைநாளை மெனுவுக்குள் வைத்தது எங்கள் முடிவு என்று சொன்னாள். நானும் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒருத்தருக்கு மாற்றினால் அந்தப் பட்டியலில் இருக்கும் எல்லாருக்கும் மாற்ற வேண்டிவரும், துரை ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். அண்ணா தலைமை அலுவலகத்துக்குப் பேசினார். இனிமேல் வரும் பதிவுகள் சரியாக இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பி இறங்கும்போது கங்காணி என்னிடம் மெதுவாக ஒன்று சொன்னார். "ஒண்ணு கேளுங்க. கொழுந்து கொறஞ்ச பொம்பளைங்களுக்கு இத்தன நாளா நான் பச்சையத்தான் விட்டு வச்சிருந்தேன். மெனுவுக்குள்ள யாரு போறதுன்னு. அவளுகளுக்கு நல்லதாப் போச்சு. இப்ப மூணு பெட்டி வச்சிட்டீங்க. இனி அரைய அமுக்கலைன்னா கண்டாக்கையா என்னத்தான் கேப்பாரு."

ஆக எங்கள் கணக்கு பாதிக்குச் சரியாகவும் இருந்திருக்கிறது. பின்னேரம் வரை நின்று கொழுந்து குறைந்தவர்களுக்கு முழுப்பேர் விழுந்திருக்கிறது. என் அம்மா போன்றவர்களுக்கு. மத்தியானம் இறங்கியவர்களுக்கு ஒன்றுமே விழவில்லை. தோழியின் அம்மா போன்றவர்களுக்கு. நாங்கள் பொத்தானைத் தெரிவு செய்த நாளில் எங்கள் மனதில் முதல் வகை மட்டும்தான் இருந்தது. அரைப்பேரைத் தானாகக் கேட்டு வாங்க ஒருவருக்குக் காரணம் இருக்கலாம் என்று யோசிக்கவில்லை. பலகையில் எழுதிய வரிகளில் அப்படி ஒரு வரி இல்லை. தோழியின் வீடு பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மாதிரியையும் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்திருக்கலாம்.

காம்பராவைக் காலி செய்யச் சொல்லி யாரும் வாயால் சொல்லவில்லை. செக்ரோலில் இருக்கும் ஒரு குடும்பம் இடமில்லாமல் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்ன வாரமே அம்மா சாமான்களைக் கட்டிவிட்டார். நான் உதவிக்குப் போனேன். மாதா சுரூபத்தைத் துவாலையில் சுற்றித் தானே மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் இருந்த லீக்ஸ் பாத்தியைக் காட்டி, வரப்போகும் குடும்பத்தின் பெண்ணிடம், "ரெண்டு கெழம பொறுத்துப் புடுங்கு, இப்ப புடுங்குனா நூலாட்டம் இருக்கும்," என்று சொன்னார். வேனில் ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "முழு ஆளா ஏத்துங்கடி," என்றார். தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் என்னை எதுவும் கேட்டதில்லை. நானும் அவளைக் கேட்டதில்லை. இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்பதால் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வழியில்லை. புதிய வேலை வந்தால் இப்போதும் நான்தான் பலகையில் கோடு போடுகிறேன். அவள் நாற்காலியைத் திருப்பாமல், "நீயே பாத்துச் சொல்லு," என்கிறாள். எதற்கும் பெயர் வைப்பதில்லை.

இன்று நிலைமை இது. தோட்டத்துச் செயலி அதே தொகுப்பில்தான் ஓடுகிறது. வரவுப் பக்கத்தில் மட்டும் நாங்கள் ஒட்டிய மூன்று பெட்டிகள், மற்ற எதோடும் சேராமல், நிற்கின்றன. நடுப்பெட்டி தினமும் அமுக்கப்படுகிறது. கொழுந்து குறைந்தவர்களுக்கு மறுபடி அரைப்பேர் விழுகிறது. தோழியின் அம்மா ஹட்டனில் இரண்டு அறை வாடகை வீட்டில் மகளோடு இருக்கிறார். அவருடைய பெயர் செக்ரோலில் இல்லை. அந்தக் காம்பராவில் வேறு குடும்பம் இருக்கிறது.